வீடு தேடுவோர் கையில் ஒரு வரைபடம்

அகதியாக ஒரு நாட்டுக்குள் நுழைந்தவருக்கு, தாம் எங்கே வாழ்வது என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமை நெடுநாள் கிடைப்பதில்லை. பிரித்தானியாவில் 1999ஆம் ஆண்டின் குடிவரவு, புகலிடச் சட்டத்தின் கீழ், 2000ஆம் ஆண்டு தொடக்கம், அரச உதவியில் தங்கியிருந்த புகலிட விண்ணப்பதாரிகள் இலண்டனுக்கும் தென்கிழக்குப் பகுதிக்கும் வெளியேயுள்ள நகரங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். "இந்த ஊர் எமக்கு வேண்டாம்" என்று சொல்ல இடமிருக்கவில்லை. இன்றும் அவ்வுதவியில் இருப்போர் கொடுத்த இடத்தில்தான் இருக்க வேண்டும். தகுந்த காரணமின்றி மறுத்தால் உதவியே நின்றுவிடக்கூடும்.

அகதி அந்தஸ்துக் கடிதம் கையில் கிடைத்ததும் நிலைமை தலைகீழாகின்றது. சில வாரங்களுக்குள் அரசு தந்த இருப்பிடத்தை விட்டு வெளியேற வேண்டும். அதுவரை ஒரு தெருவைக்கூடத் தெரிவு செய்திராத குடும்பம், பல மில்லியன் மக்கள் வாழும் மாநகரில் ஒரு வீட்டைத் தேடிப் புறப்படுகின்றது. அந்த வேளையில் அக்குடும்பத்துக்கு வழிகாட்டுவது பெரும்பாலும் செவிவழிச் செய்தியே. "ஈஸ்ட்ஹாம் பக்கம் வாருங்கோ, எங்கட ஆக்கள் நிறைய இருக்கினம்" என்பார் ஒருவர். "அந்தப் பக்கம் போகாதேங்கோ, பிள்ளைகள் கெட்டுப் போகும்" என்பார் இன்னொருவர். இரண்டிலும் அன்பு உண்டு. ஆதாரம் உண்டா என்பதே கேள்வி.

முதல் வீடு எங்கே அமைகின்றதோ, அதைப் பொறுத்தே பிள்ளையின் பாடசாலையும், தகப்பனின் வேலைத்தூரமும், தாயின் தனிமையும், குடும்பத்தின் கடனும் அமைகின்றன. ஆகவே, இன்று எவரும் செலவின்றி இணையத்தில் பார்க்கக்கூடிய வரைபடங்கள் வீடு தேடுவோருக்கு எவ்வாறு உதவும், எங்கே ஏமாற்றும் என்பதை இலண்டனில் வாழும் எமது குடும்பங்களை முன்வைத்து இங்கே ஆராய்கின்றோம்.

ஒழுங்கையிலிருந்து தபாற் குறியீட்டுக்கு

எமது ஊர்களில் முகவரி என்பது மனிதரோடு ஒட்டிய ஒன்று. வைரவ கோயிலடியில் இறங்கி, சங்கக் கடைக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையால் சென்று, இன்ன வாத்தியார் வீடு எது என்று கேட்டால் போதும். வழி சொல்லும் பெரியவர் வந்தவரின் பூர்வீகத்தையும் விசாரித்துவிடுவார். எமக்கு அங்கே தேசப்படம் பாடசாலைச் சுவரில் தொங்கும் ஒரு பொருளாகவே இருந்தது.

இங்கே முகவரியின் உயிர் தபாற் குறியீட்டில் இருக்கின்றது. ஒரு முழுமையான குறியீடு சராசரியாக 15 முகவரிகளை மட்டுமே சுட்டுகின்றது. வாடகை உதவி, வெள்ள அபாயம், காப்புறுதிக் கட்டணம் யாவும் இக்குறியீட்டைக் கொண்டே தேடப்படுகின்றன. எனவே பார்க்கப் போகும் வீட்டின் முழுக் குறியீட்டையும் முதலில் கேட்டுப் பெறுவதே வீடு தேடுவோரின் முதற்கடன். "ஸ்ரேசனுக்குக் கிட்ட" என்று மட்டும் சொல்லும் முகவரிடம் இதை வற்புறுத்திக் கேட்க வேண்டும்.

1936இல் பிலிஸ் பியர்சால் அம்மையார் வெளியிட்ட 'ஏ முதல் இசற் வரை' என்னும் தெருப் புத்தகம், பின்வந்த பல தலைமுறைகளுக்கு இலண்டனைக் கற்பித்தது. முன்னர் வந்த எம்மவரின் மேலங்கிப் பைகளிலும் அது இருந்தது. 2005இல் கூகுள் நிறுவனம் தனது வரைபடத்தை இணையத்தில் வெளியிட்டது. அதே ஆண்டில் போல் ராடமாக்கர் என்ற கணினியாளர், அமெரிக்காவின் வாடகை விளம்பரங்களை அந்த வரைபடத்தின் மேல் புள்ளிகளாகப் பதித்துக் காட்டினார். விளம்பரப் பட்டியலை வாசித்து இடத்தைத் தேடிய காலம் போய், இடத்தைப் பார்த்து விளம்பரத்தைத் தேடும் காலம் அதனோடு பிறந்தது எனலாம். இன்று றைற்மூவ், சூப்ளா போன்ற தளங்களில், விரும்பிய பகுதியை விரலால் வட்டமிட்டால் அதற்குள் வாடகைக்குள்ள வீடுகள் தோன்றுகின்றன.

வட்டமிடுவது இலகு. எதைக் கொண்டு வட்டமிடுவது என்பதிலேயே சிந்தனை வேண்டும்.

வரைபடம் நன்கு விடை தரும் கேள்விகள்

முதலாவது, வாடகை. அரச உதவியோடு வாடகை செலுத்தும் குடும்பங்களுக்கு 'லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ்' என்ற உச்சவரம்பு உண்டு. இங்கிலாந்து முழுவதும் வாடகைச் சந்தைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் அறைகளின் எண்ணிக்கைப்படி தொகை நிர்ணயிக்கப்பட்டுள்ளது. இப்பகுதிகளின் எல்லை கவுன்சில் எல்லையோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. அருகருகே உள்ள இரு தெருக்கள் இரு பகுதிகளுக்குள் அடங்கலாம், தொகையும் வேறுபடலாம். அரச இணையத்தளத்தில் தபாற் குறியீட்டைப் பதிந்தால் தொகை உடனே தெரியும். உதவித் தொகைக்கும் உண்மை வாடகைக்கும் இடையிலான துண்டு விழுந்த தொகை, மாதந்தோறும் உணவுச் செலவிலிருந்தே போகும் என்பதை நாம் மறக்கலாகாது. இக்கணக்கு வீடு பார்க்கப் போவதற்கு முன் செய்ய வேண்டியது.

இரண்டாவது, பயணம். தூரத்தை மைலில் பாராமல் நேரத்தில் பார்க்க வேண்டும்; அதுவும் தாம் வேலைக்குப் போகும் நேரத்தில். எம்மவரில் பலர் விடிகாலையிலோ நள்ளிரவிலோ கடமைக்குச் செல்பவர்கள். இலண்டன் போக்குவரத்துச் சபையின் பயணத் திட்டத் தளத்தில் ஞாயிறு காலை 4 மணி என்று குறித்துத் தேடிப் பாருங்கள். பகலில் 40 நிமிடமான பயணம் அப்போது எவ்வளவு நீளுகின்றது என்பது தெரியவரும். 2016இல் தொடங்கிய இரவு நேர நிலக்கீழ்ப் புகையிரதச் சேவை வெள்ளி, சனி இரவுகளுக்கு மட்டும், சில பாதைகளில் மட்டுமே உண்டு. ஈஸ்ட்ஹாம் வழியாகச் செல்லும் டிஸ்ரிக்ற் பாதைக்கு அது இல்லை.

மூன்றாவது, பாடசாலை. விண்ணப்பங்கள் அதிகமாகும்போது, வேறு முன்னுரிமைகளுக்குப் பின், பல பாடசாலைகள் வீட்டுத் தூரத்தைக் கொண்டே இடம் வழங்குகின்றன. கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் வீடு எத்தனை மீற்றர் தூரத்தில் இருந்தது என்பதைக் கவுன்சில்கள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. இதில் இரு எச்சரிக்கைகள் உள. சில இடங்களில் தூரம் நேர்கோட்டிலும், வேறு சில இடங்களில் நடைபாதை வழியாகவும் அளக்கப்படுகின்றது. மேலும், அத்தூரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். வீட்டு விளம்பரத்தில் "நல்ல பாடசாலைக்கு அருகில்" என்றிருப்பது இடம் கிடைக்கும் என்பதற்கு உறுதிமொழி அன்று. இங்கிலாந்தில் இடைநிலைப் பாடசாலைக்கு ஒக்ரோபர் 31, ஆரம்பப் பாடசாலைக்கு ஜனவரி 15 என்பன விண்ணப்ப இறுதி நாட்கள். வீடு மாறும் மாதத்தைத் தீர்மானிக்கும்போது இவற்றையும் மனதிற்கொள்க.

நான்காவது, வெள்ளம். தேம்ஸ் நதியோரம் இருந்தால்தான் வெள்ளம் என்ற எண்ணம் பிழையானது. 2021 யூலை 25ஆம் நாள் பெய்த கடும் மழையால் இலண்டனின் பல தெருக்கள் நீரில் மூழ்கின. நியூஹாம், விப்ஸ் குறொஸ் வைத்தியசாலைகளும் பாதிக்கப்பட்டன. வடிகால் கொள்ளாத மழைநீரே பல இடங்களில் காரணம். அரசின் நீண்டகால வெள்ள அபாயத் தளம், ஆறும் கடலும் ஒன்றாகவும், மேற்பரப்பு மழைநீர் வேறாகவும் அபாயத்தைக் காட்டுகின்றது. நிலக்கீழ் அறையையோ கீழ்மாடியையோ வாடகைக்கு எடுப்பவர்கள் இதைப் பாராது கையொப்பமிடக் கூடாது.

ஐந்தாவது, குளிர். வீட்டின் எரிசக்திச் சான்றிதழைக் குறியீட்டைக் கொண்டு எவரும் பார்வையிடலாம். ஏ முதல் ஜி வரையான தரங்களில், வாடகை வீடு பொதுவாக ஈ தரத்துக்குக் குறையாதிருக்க வேண்டும் என்பது 2020 ஏப்ரலிலிருந்து நடப்பிலுள்ள ஒப்பந்தங்களுக்கும் பொருந்தும் விதி. குறைந்த வாடகையில் கிடைத்த வீடு, மாரியில் வெப்பமூட்டும் செலவால் கூடிய வாடகையாகிவிடுவதை எம்மவர் பலர் அனுபவத்தில் அறிவர்.

வரைபடம் மறைப்பவை

விடை தரும் அதே வரைபடம் சிலவற்றை மறைக்கவும் செய்கின்றது. இலண்டனின் நிலக்கீழ்ப் புகையிரதப் படத்தையே எடுத்துக்கொள்வோம். ஹரி பெக் வரைந்து 1933இல் வெளியான அப்படம், எங்கே ஏறி எங்கே மாறுவது என்பதைக் காட்டுவதற்காகத் தூரத்தை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தது. லெஸ்ரர் ஸ்குயர் நிலையத்துக்கும் கொவென்ற் கார்டன் நிலையத்துக்கும் இடையே சுமார் 260 மீற்றர்தான், நடந்தே போகலாம். படமோ அதைச் சொல்லாது.

தூரத்தைச் சரியாகக் காட்டும் படமும் முழு உண்மையைச் சொல்லிவிடாது. மனோர் பார்க்கையும் இல்ஃபோர்டையும் வரைபடத்தில் பார்த்தால் அயல் வீடுகள் போலத் தோன்றும். இடையிலே ரோடிங் ஆறும் நோர்த் சேர்க்கியுலர் பெருந்தெருவும் ஓடுகின்றன. கடக்கும் வழிகள் சிலவே. வட்டத்துக்குள் அரை மைல் என்று காட்டும் இடத்துக்குப் பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் தாய் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டியிருக்கும்.

தெருவின் முகத்தைக் காட்டும் கூகுளின் 'ஸ்ரீற் வியூ' 2009இல் பிரித்தானியாவுக்கு வந்தது. அதில் பார்த்தால் படியில்லாத வாசலா, எதிரே மதுச்சாலையா, பஸ் தரிப்பிடம் எங்கே என்பனவெல்லாம் தெரியும். முதியவரை வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது பேருதவி. ஆனால் படம் எடுக்கப்பட்ட மாதமும் ஆண்டும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அதை முதலில் நோக்குக. நான்கு ஆண்டுக்கு முந்திய வெயில் நாள் ஒன்றில் அழகாய்த் தெரிந்த தெரு, இன்று கட்டட வேலைத்தலமாய் இருக்கலாம்.

எம்மவரை அதிகம் அச்சுறுத்துவது பொலிஸ் தளத்திலுள்ள குற்ற வரைபடமாகும். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2011 முதல் இது கிடைக்கின்றது. ஒரு தெருவின் மேல் இலக்கம் கூடியிருந்தால் "ஐயோ, அந்தத் தெருவா" என்று பின்வாங்கிவிடுகின்றோம். அந்தப் புள்ளி சம்பவம் நடந்த சரியான இடத்தைக் காட்டுவதன்று. பாதிக்கப்பட்டோரின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக, ஒவ்வொரு சம்பவமும் முன்கூட்டியே வகுத்த அருகிலுள்ள ஒரு புள்ளிக்கு நகர்த்தியே பதியப்படுகின்றது. மேலும் புகையிரத நிலையமும் கடைத்தெருவும் உள்ள இடத்தில் சனம் கூடும். சனம் கூடுமிடத்தில் முறைப்பாடும் கூடும். மறுபுறம், பொலிசில் முறையிடாத எதுவும் அதில் வராது. வீதியில் நிறத்தைச் சொல்லி ஏசுபவனைப் பற்றி எத்தனை பேர் முறையிடுகின்றோம்? ஆகவே இலக்கம் குறைந்த தெரு எமக்கு அமைதியான தெரு என்று முடிவுகட்டவும் இயலாது.

நிறம் பூசிய தெருக்கள்

மக்கள் வாழும் இடத்துக்கு நிறம் பூசிப் பார்க்கும் வழக்கம் இலண்டனுக்குப் புதியதன்று. சார்ள்ஸ் பூத் என்னும் செல்வந்தர் 1889இல் வெளியிடத் தொடங்கிய வறுமை வரைபடங்களில், செல்வர் தெருக்கள் மஞ்சளாகவும், ஏழைகளின் தெருக்கள் நீலமாகவும், அடிமட்டமெனக் கருதப்பட்டோரின் தெருக்கள் கறுப்பாகவும் தீட்டப்பட்டன. கறுப்புத் தெருவில் வாழ்ந்தோர் ஒழுக்கமற்றவர், பாதிக் குற்றவாளிகள் என்றே குறிப்பில் எழுதப்பட்டது. வறுமை எவ்வளவு பரந்தது என்பதை நாடறியச் செய்த அதே படம், ஒரு தெருவில் பிறந்த குழந்தைக்கும் முத்திரை குத்தியது.

அந்நாளில் ருஷ்யப் பேரரசின் வன்முறைக்குத் தப்பி வந்த யூத மக்கள் வைற்சப்பல் பகுதியில் நெருங்கி வாழ்ந்தனர். 1900இல் வெளியான ஒரு நூலுக்காக ஜோர்ஜ் ஆர்க்கல் என்பவர், எந்தத் தெருவில் யூதர் எத்தனை வீதம் என்று நிறம் பிரித்து ஒரு வரைபடம் தயாரித்தார். வந்தேறிகள் தொகை பற்றிய வாதங்கள் சூடேறியிருந்த காலம் அது; 1905இல் வெளிநாட்டவர் வருகையைக் கட்டுப்படுத்தும் சட்டமும் நிறைவேறியது. அகதிகள் எங்கே செறிந்து வாழ்கின்றனர் என்று காட்டும் படத்தை யார், எதற்காகப் பார்க்கின்றார் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும் என்பதற்கு அது சான்று. ஒரு வட்டாரத்தை நிறத்தை வைத்தே நாம் ஒதுக்கும்போது, எம்மைக் குறித்து மற்றவர் செய்வதையே நாமும் செய்கின்றோம்.

இதற்கு மாறான ஒரு முன்னுதாரணமும் இந்நகரிலேயே உண்டு. 1854இல் சோஹோ பகுதியில் வாந்திபேதி பரவி 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர், மரணம் நிகழ்ந்த வீடுகளை வரைபடத்தில் குறித்து, புரோட் வீதியிலுள்ள நீர்க்குழாயே காரணம் என நிறுவினார். அவர் புள்ளிகளோடு நின்றுவிடவில்லை. வேறு குழாய்க்கு அண்மையிலிருந்த வீடுகளில் நிகழ்ந்த மரணங்களைப் பற்றி, அக்குடும்பங்களிடமே போய் விசாரித்தார். பலர் புரோட் வீதி நீரையே விரும்பி எடுத்தனர் என்பது கேட்டபின்தான் தெரிந்தது. புள்ளியைப் பார்த்து, பின் வாசலில் நின்று கேட்டறியும் அவ்வழியே வீடு தேடுவோருக்கும் உகந்தது.

தூரம் ஒரு சாட்சியமாகும்போது

வாடகை வீடு எடுக்க வசதியின்றிக் கவுன்சிலிடம் வீடற்றோராக விண்ணப்பித்த குடும்பங்களுக்கு வரைபடம் இன்னொரு வகையில் உதவும். இக்குடும்பங்களில் பலவற்றுக்கு வேற்றூரில் வீடு முன்மொழியப்படுகின்றது. வெஸ்ற்மின்ஸ்ரர் கவுன்சில், ஐந்து பிள்ளைகளின் தாய் ஒருவருக்கு ஏறக்குறைய 50 மைல் தொலைவிலுள்ள பிளெச்லியில் ஒரு வீட்டை முன்மொழிந்தது. தமக்கு உதவும் நண்பர்களும் பிள்ளைகளின் பாடசாலையும் இலண்டனிலேயே இருப்பதாகக் கூறி அவர் மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2015 ஏப்ரலில் தீர்ப்பு அவருக்குச் சார்பாக வந்தது. இயன்றவரை தனது எல்லைக்குள்ளேயும், இயலாவிடின் இயன்றளவு அண்மையிலும் இடம் தேடும் கடமை கவுன்சிலுக்கு உண்டு என்றும், அவ்வாறு தேடியதைக் காரணங்களோடு காட்ட வேண்டும் என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இத்தகைய நிலைக்கு ஆளாகும் குடும்பங்கள், "தூரம்" என்று பொதுவாக முறையிடுவதைவிட, பிள்ளையின் பாடசாலைக்கும், சிகிச்சை பெறும் வைத்தியசாலைக்கும், வேலைத்தலத்துக்கும் எத்தனை மணி நேரம், எத்தனை வாகனமாற்றம், எவ்வளவு கட்டணம் என்பதைப் பயணத் தளத்தில் பார்த்து அச்சிட்டுக் கொடுப்பது பலன் தரும். மீள்பரிசீலனை கோருவதற்குப் பொதுவாக 21 நாட்களே உண்டு. சட்ட ஆலோசனை பெறாமல் வீட்டை மறுத்துவிடக் கூடாது; மறுத்தால் கவுன்சிலின் கடமையே முடிந்துவிடக்கூடும். ஏற்றுக்கொண்டு மீள்பரிசீலனை கோரவும் சட்டத்தில் இடமுண்டு.

பணம் கொடுக்குமுன்

இணையத்தில் வீடு தேடுவோரை ஏமாற்றுவோரும் அங்கேயே காத்திருக்கின்றனர். வேறொருவரின் வீட்டுப் படத்தைப் போட்டு, குறைந்த வாடகை சொல்லி, "பலர் கேட்கிறார்கள், இன்றே முற்பணம் அனுப்பு" என்று அவசரப்படுத்துவதே அவர்களது வழக்கம். விளம்பரப் படத்தையும் ஸ்ரீற் வியூவில் தெரியும் வீட்டையும் ஒப்பிடுக. யன்னல், கதவு, கூரை பொருந்தாவிடின் விலகிவிடுக. பொருந்தினாலும், வீட்டுக்குள் கால் வைக்காமல் ஒரு பென்ஸ் தானும் கொடுக்க வேண்டாம். இங்கிலாந்தில் 2019 யூன் 1 முதல், வீட்டைப் பிடித்து வைக்கும் முற்பணம் ஒரு வார வாடகையை மிஞ்சக் கூடாது. ஆண்டு வாடகை 50,000 பவுண்ஸுக்குக் குறைவாயின் வைப்புப் பணம் ஐந்து வார வாடகையை மிஞ்சக் கூடாது. தமிழர் ஒருவரே வீட்டுக்காரர் ஆனாலும் இச்சட்டம் பொருந்தும். பற்றுச்சீட்டுக் கேட்பது மரியாதைக் குறைவாகாது.

கால்நடையாக ஒரு பரீட்சை

இவ்வளவையும் பார்த்து, இரண்டு மூன்று தெருக்களைத் தெரிந்தபின், குடும்பமாக அங்கே செல்வது அவசியம். ஒரு முறை பிள்ளைகள் பாடசாலை விடும் நேரத்திலும், இன்னொரு முறை இருட்டிய பின்னரும் சென்று பார்ப்பது நன்று. நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்து பாருங்கள். வெளிச்சம் எங்கே முடிகின்றது என்பதைக் கவனியுங்கள். மூலைக் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள். அவர் எம்மவராக இருந்தால் ஊர் விசாரணை முடிந்த பின்னராவது உண்மை சொல்வார். வாசலில் நிற்கும் அயலவர் வேற்றினத்தவராயினும் ஒரு வணக்கம் சொல்லிப் பாருங்கள். அவர் பதில் சொல்லும் விதத்தை எந்த வரைபடமும் பதிந்து வைக்கவில்லை.

எமது ஆட்கள் இருக்கும் இடத்தை நாடுவதில் தவறேதுமில்லை. கோயில், தமிழ்ப் பள்ளிக்கூடம், மரக்கறிக் கடை, சுகவீனமான இரவில் கதவைத் தட்டக்கூடிய ஓர் அக்கா ஆகியவையும் ஒரு குடும்பத்தின் சொத்துக்களே. விம்பிள்டன் பிள்ளையார் கோயிலையும் ஹைகேற் முருகன் கோயிலையும் வரைபடம் காட்டும். அந்த அக்காவைக் காட்டாது. அதுபோல, அவரைச் சார்ந்திருப்பதற்காக மாதம் எத்தனை பவுண்ஸ் கூடுதலாகக் கொடுக்கின்றோம் என்பதையும் உறவினர் சொல்லமாட்டார், வரைபடமே சொல்லும். இரண்டையும் ஒரே தாளில் எழுதி வைத்துக் குடும்பமாக இருந்து பேசுவதே முறை. ஆங்கிலம் படித்த பிள்ளையிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்துத் தேடச் சொல்லலாம். தீர்மானத்தை மட்டும் அப்பிள்ளையின் தலையில் சுமத்தலாகாது.

எங்கே வாழ்வது என்பதை நீண்ட காலம் பிறரே எமக்காகத் தீர்மானித்தனர். முதலில் துப்பாக்கி தீர்மானித்தது. பின்னர் அதிகாரியின் கடிதம் தீர்மானித்தது. இன்று அக்கேள்வி எமது மேசைக்கு வந்திருக்கின்றது. அதைச் செவிவழிக் கதைக்கோ திரையிலுள்ள நிறத்துக்கோ விட்டுவிடாமல், பார்த்து, நடந்து, கேட்டறிந்து நாமே விடை காண்போமாக.